ஃபீவர் பிட்ச் (2005): முக்கியக் குறிப்புகள்

விளையாட்டுத் திரைப்படங்கள் என்ற தலைப்பைப் படிப்பவர்கள் இந்த ஒரு காதல் நகைச்சுவைப் படத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் 86 ஆண்டு வரலாறும் கூடவே வந்துவிடும். ஆண்டுகளைத் தனியாக உருப்போடாமல் கதையோடு சேர்த்துப் படியுங்கள்.

● வெளியீடு: 2005 ஏப்ரல். இயக்கம்: பீட்டர் ஃபரெல்லி, பாபி ஃபரெல்லி சகோதரர்கள். திரைக்கதை: லோவெல் கான்ஸ், பாபலூ மாண்டெல். நடிப்பு: ட்ரூ பேரிமோர், ஜிம்மி ஃபாலன்.

● மூலநூல்: நிக் ஹார்ன்பி எழுதிய தன்வரலாறு (1992). அதில் பேஸ்பாலே கிடையாது. லண்டனின் ஆர்சனல் கால்பந்து அணி மீது அவருக்கிருந்த பித்துதான் நூல் முழுதும். 1997-ல் பிரிட்டனில் படமானபோது காலின் ஃபர்த் நாயகன், திரைக்கதை ஹார்ன்பியே. பெயர் ஒன்றே என்பதால் இரண்டு படங்களும் குழம்பும்: 1997 என்றால் கால்பந்து, ஆர்சனல், 2005 என்றால் பேஸ்பால், ரெட் சாக்ஸ். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் அமெரிக்கப் படம் பிரிட்டனில் ‘தி பெர்ஃபெக்ட் கேட்ச்’ என்ற பெயரில் வந்தது.

● கதை: பென் பள்ளி ஆசிரியர். ஏழு வயதில் மாமா அழைத்துப்போன நாள் முதல் பாஸ்டன் ரெட் சாக்ஸ்தான் அவனுக்கு எல்லாம். மாமா விட்டுச்சென்ற சொத்து, அணியின் சீசன் டிக்கெட்டுகள். லிண்ட்ஸி நிறுவனம் ஒன்றில் முன்னேறத் துடிக்கும் பெண். குளிர்காலத்தில் சந்திக்கிறார்கள், காதல் மலர்கிறது. வசந்தம் வந்ததும் பேஸ்பால் பருவம் தொடங்க, பாரிஸுக்கு வா என்று அவள் அழைத்தாலும் அவனால் வர முடிவதில்லை.

● நினைவில் வைக்க வேண்டிய எண் 162. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடும் வழக்கமான ஆட்டங்கள் இத்தனை. சொந்த மைதானத்தில் 81. ஏறக்குறைய ஆறு மாதம் இது ஓடும். பென்னின் காதல் ஏன் திணறுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம்.

● படத்தின் உயிர் எந்த இடத்தில் என்று கேட்டால், நான் சொல்வது இதை: நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பென் லிண்ட்ஸியோடு ஒரு விருந்துக்குப் போகிறான். வாழ்வின் மிக இனிய இரவு என்று அவளிடமே சொல்கிறான். அடுத்த சில நிமிடங்களில், தான் தவறவிட்ட ஆட்டத்தில் ரெட் சாக்ஸ் அபாரமாக மீண்டு வென்றது தெரிந்து துடித்துப்போகிறான். அந்தத் துடிப்பைப் பார்க்கும் லிண்ட்ஸிக்கு எப்படி இருந்திருக்கும்! ரசிகனின் பித்தைக் கேலி செய்யாமல், அதன் விலையையும் மறைக்காமல் காட்டும் காட்சி இது.

● ‘பாம்பினோவின் சாபம்’: பாம்பினோ என்பது ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர் பேப் ரூத்தின் பட்டப்பெயர். ரெட் சாக்ஸ் 1918-ல் கோப்பை வென்றது. அடுத்த ஆண்டு இறுதியில் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றார். அதன்பின் அணி 1946, 1967, 1975, 1986 ஆகிய ஆண்டுகளின் வேர்ல்டு சீரிஸ் இறுதித் தொடர்கள் நான்கிலும் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. ரசிகர்கள் இதைச் சாபம் என்றே நம்பினார்கள்.

● 2004 அக்டோபர்: இதுதான் மையம். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கியிருந்தது ரெட் சாக்ஸ். நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸிலும் தோல்வி வாசலில் நின்றது. டேவ் ராபர்ட்ஸ் இரண்டாம் பேஸைத் திருடினார், ஆட்டம் சமமானது. 12-வது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் அடித்த ஹோம் ரன் வெற்றி தந்தது. மீதி மூன்று ஆட்டங்களையும் வென்று 4-3. மேஜர் லீக் வரலாற்றில் 0-3 நிலையிலிருந்து ஒரு தொடரை வென்ற முதல் அணி இதுவே. பிறகு வேர்ல்டு சீரிஸில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை 4-0 என்று வீழ்த்தியது. நாள்: அக்டோபர் 27. மேலாளர்: டெர்ரி ஃப்ராங்கோனா.

● படக்குழுவுக்கு இது எதிர்பாராத திருப்பம். அணி வழக்கம்போல் தோற்கும் என்றுதான் திரைக்கதை எழுதப்பட்டிருந்தது. படப்பிடிப்பு நடக்கும்போதே அணி வென்றுகொண்டே போக, முடிவை மாற்ற வேண்டியதாயிற்று. பேரிமோரும் ஃபாலனும் செயின்ட் லூயிஸின் புஷ் மைதானத்துக்குப் பறந்தார்கள். கடைசி அவுட் விழுந்ததும் களத்துக்குள் ஓடி முத்தமிட்டார்கள். நிஜ வெற்றிக் கொண்டாட்டத்தின் நடுவே எடுத்த காட்சி அது.

● காதலுக்காக மாமாவின் டிக்கெட்டை விற்க முனையும் பென்னைத் தடுக்க லிண்ட்ஸி மைதானத்தின் குறுக்கே ஓடுவது, படத்தில் யாங்கீஸுக்கு எதிரான அந்த நான்காவது ஆட்டத்தின்போதுதான். களம் ஃபென்வே பார்க்: திறப்பு 1912, மேஜர் லீக் மைதானங்களில் மிகப் பழையது, இடப்பக்கம் ‘கிரீன் மான்ஸ்டர்’ சுவர், உயரம் சுமார் 37 அடி.

● எழுத்தாளர் ஸ்டீபன் கிங், நிஜத்திலும் ரெட் சாக்ஸ் ரசிகர், படத்தில் பருவத்தின் முதல் பந்தை வீசுகிறார்.

● இதோடு சேர்த்துப் படிக்க: ‘புல் டர்ஹாம்’ (1988), பேஸ்பாலும் காதலும் கலந்த இன்னொரு நகைச்சுவைப் படம். இயக்குநர் ரான் ஷெல்டன் முன்பு சிறு லீக்குகளில் ஆடியவர். நடிப்பு: கெவின் காஸ்ட்னர், சூசன் சரண்டன், டிம் ராபின்ஸ்.