மதில்மேல் ஒரு நடை

பதுவை அந்தோணியாரைப் பார்க்க இத்தாலி வரை போகிறவர்கள், அங்கிருந்து வடக்கே இன்னும் 30 கிலோமீட்டர் ரயிலில் போய்விடுங்கள். ரயில் நிலையப் பலகையில் பதுவை ‘படோவா’ என்றிருக்கும். நீங்கள் இறங்க வேண்டிய இடம் சிட்டடெல்லா. வெனிஸில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாவது பார்க்கலாம். மதில் சூழ்ந்த ஊர்கள் இத்தாலியில் நிறைய உண்டு. மதில்மேல் ஏறி ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவர விடுகிற ஊர்கள் கொஞ்சம்தான்.

பதுவையின் பகையாளியான திரேவிசோ நகரம் எல்லையில் காஸ்தெல்பிராங்கோ என்ற கோட்டை ஊரை எழுப்பியது. அதற்குப் பதிலடியாகப் பதுவைக்காரர்கள் 1220-இல் கட்டத் தொடங்கியதுதான் சிட்டடெல்லா. நீள்வட்ட வடிவம், நான்கு திசையிலும் வாசல். எந்த ஊருக்குப் போகிற வழியோ அந்த ஊரின் பெயரே வாசலுக்கு.

தெற்கே படோவா வாசல் வழியாக நுழைந்தால் நேர்த்தெரு உங்களை வடக்கே பஸ்ஸானோ வாசலில் கொண்டுவிடும். ஏறும் இடம் அதுதான். உடனே ஏறிவிடாதீர்கள். வெளியே அகழிக் கரையில் நின்று மதிலைக் கொஞ்சம் பாருங்கள். செங்கல்லும் ஆற்றுக் கூழாங்கல்லும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும். உள்ளொரு சுவர், வெளியொரு சுவர் எழுப்பி, நடுவே கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். எண்ணூறு வருஷமாக நிற்கிறது.

மேலே சுமார் 15 மீட்டர் உயரத்தில் நடைபாதை. முழுச் சுற்று 1,461 மீட்டர். ஒரு பக்கம் வீட்டு ஓடுகளும் கொல்லைப்புறங்களும், மறுபக்கம் கிராப்பா மலை. எதைப் பார்ப்பது என்று மதில்மேல் பூனையாகத்தான் தவிப்பீர்கள். வழியில் வரும் காவல் கோபுரங்கள் பலவற்றுக்கு ஊர்ப்பக்கம் சுவரே இருக்காது. இடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எதிரி பிடித்தாலும் உள்ளே பதுங்கி ஊர்க்காரர்களை எதிர்க்க முடியாதபடி திறந்தே விட்டது. கஞ்சத்தனம் போலத் தெரியும் யுத்த தந்திரம்!

இறங்கியபின் படோவா வாசலை ஒட்டிய மால்தா கோபுரத்துக்கு வாருங்கள். கொடுங்கோலன் எட்சலீனோ 1251-இல் கட்டிய சிறை. தாந்தே தம் காவியத்தில் சொல்லும் ‘மால்தா’ இதுவே என்பது ஊர்ப் பெருமை. போல்செனா ஏரிப் பக்கம் என்று வாதிடுபவர்களும் உண்டு. பெரிய தேவாலயக் கட்டடம் பிற்காலத்தது. ஜாக்கோப்போ பஸ்ஸானோ வரைந்த எம்மாவு விருந்து ஓவியத்துக்காக எட்டிப் பார்த்தால் போதும்.

மதில்மேல் நிழல் கிடையாது. கோடையில் காலையிலேயே ஏறிவிடுங்கள். தொப்பியும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.