ஆஸ்துமா உள்ளவரா? வலி மாத்திரை சாப்பிடும் முன் கேளுங்கள்

முட்டிவலி, முதுகுவலி, தலைவலி என்றால் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வது நம்மில் பலருக்கும் வழக்கம். ஆனால், ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சில வகை வலி மாத்திரைகள் கடுமையான மூச்சுத்திணறலை ஏற்படுத்தக்கூடும். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில், 100 பேரில் ஏறத்தாழ 7 பேருக்கு இந்தப் பாதிப்பு உண்டு.

ஏன் இப்படி நடக்கிறது?

இந்த மருந்துகள் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் இரசாயனத்தைத் தடுக்கின்றன. பாதிப்பு உள்ளவர்களின் உடலில், அப்போது வேறு சில இரசாயனங்கள் அதிகமாகச் சுரந்து மூச்சுக்குழாய்களைச் சுருக்கிவிடுகின்றன. பொதுவாக, மாத்திரை சாப்பிட்ட அரை மணி முதல் 3 மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், நெஞ்சு இறுகும், மூச்சு இரையும்.

இளவயதில் ஒத்துக்கொண்ட மாத்திரை பிற்காலத்தில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நீண்டநாள் மூக்கடைப்பு, மூக்கினுள் சதை வளர்ச்சி, வாசனை தெரியாமை ஆகியவை இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

கவனிக்க வேண்டிய மருந்துகள்

• ஆஸ்பிரின்
• இபுப்ரோஃபென்
• டைக்ளோஃபெனாக் (வோல்டரென் போன்றவை)
• நாப்ராக்சன்
• மெஃபெனமிக் ஆசிட் (பொன்ஸ்தான் போன்றவை)

ஒரே மருந்து பல பெயர்களில் விற்கப்படுகிறது. சில சளி, காய்ச்சல் மருந்துகளிலும் இவை கலந்திருக்கும். ஆகவே, பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் பார்க்காமல், உள்ளடங்கிய மருந்தின் பெயரையும் பாருங்கள். வலிக்குப் பூசும் ஜெல், ஒட்டும் பிளாஸ்டர், தைலம் ஆகியவற்றையும் மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

மூட்டுவலியை உடனே போக்கும் என்று சொல்லி விற்கப்படும் சில பாரம்பரிய மருந்துகளில், இத்தகைய வலி மருந்துகள் இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததை சுகாதார அறிவியல் ஆணையம் கண்டறிந்துள்ளது. தெரியாத இடத்தில் வாங்காதீர்கள்.

எதைச் சாப்பிடலாம்?

பெரும்பாலோருக்குப் பாராசிட்டமோல் (பனடோல் போன்றவை) ஒத்துக்கொள்ளும். ஆனால், ஒரே வேளையில் 1,000 மில்லிகிராம் சாப்பிட்டால் சிலருக்கு மூச்சு இரையலாம். உங்களுக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா?

நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது ஆபத்தாகலாம். ஆஸ்துமா இருப்பதைச் சொல்லி மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

மூச்சுத்திணறல் வந்தால்

1. நிமிர்ந்து உட்காருங்கள்.
2. உடனடி நிவாரண இன்ஹேலரை (பெரும்பாலும் நீல நிறம்) மருத்துவர் கூறியபடி பயன்படுத்துங்கள்.
3. மூச்சுத்திணறல் குறையாவிட்டால், பேசச் சிரமப்பட்டால் அல்லது உதடு நீலமானால், உடனே 995ஐ அழையுங்கள்.
4. மருந்துப் பெட்டியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மூச்சு சீரான பிறகும் அதே மாத்திரையைச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள்.

இன்றே செய்யுங்கள்

• ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். குடும்பத்தாரிடமும் சொல்லுங்கள்.
• பலதுறை மருந்தகம், பல் மருத்துவர், மருந்துக்கடை என எங்கு சென்றாலும் அதைக் கூறுங்கள்.
• உறவினரோ அண்டைவீட்டாரோ தரும் வலி மாத்திரையைச் சாப்பிடாதீர்கள்.
• தினசரி ஆஸ்துமா மருந்தை, நலமாக இருக்கும் நாளிலும் தவறாமல் பயன்படுத்துங்கள்.