கேட்கும் பிள்ளையும் கிண்டிக் கல்லூரியும்

சென்ற ஆண்டுத் தேர்த் திருநாளன்று கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகின்றேன். தேர் வீதி முனையை அடைந்து நின்றது. வடம் பிடித்த அன்பர்கள் நீர்மோர் பருகி இளைப்பாறிக்கொண்டிருந்தனர். பாட்டனாரின் கையைப் பற்றிக்கொண்டு நின்ற ஒரு பெண் குழந்தைக்கு வயது பத்து இருக்கலாம். அவள் தேர்மேல் எழுந்தருளியிருந்த பெருமாளைச் சேவித்துவிட்டுச் சக்கரத்தினருகே குனிந்திருந்த மனிதரையே உற்றுப் பார்த்தாள். பின்னர், “தாத்தா, தேரை நிறுத்துவதற்குத்தானே முட்டுக்கட்டை போடுவார்கள்? ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஏன் போடுகிறார்கள்?” என்று வினவினாள். “பெருமாளைச் சேவிக்க வந்த இடத்தில் என்ன கேள்வி? வாயை மூடிக்கொண்டு கையைக் கூப்பு” என்றார் பெரியவர். குழந்தை கையைக் கூப்பினாள். ஆனால் அவள் கண்கள் சக்கரத்தை விட்டு நீங்கவில்லை.

அப்பெரியவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கூட்டமோ பெருங்கூட்டம், சக்கரமோ ஆபத்தானது. மேலும், முப்பது ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றிய அடியேனே இதே சொற்களை எத்தனை முறை கூறியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் நாணமே உண்டாகின்றது. பாடத்தை உரிய நாளில் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில், கடைசி வரிசையில் உயர்ந்த கையைக் காணாதவன்போல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்ட நாட்கள் பல. அக்கை இரண்டாம் முறை உயரும். மூன்றாம் முறை உயராது. கேட்கும் வழக்கம் பிள்ளைகளிடமிருந்து நீங்குவது இவ்வாறே. யாரும் அதைப் பறிப்பதில்லை; பதில் கிடைக்காமையால் அது தானே உதிர்ந்துவிடுகின்றது.

நம் குருபரம்பரை வரலாறுகளை அறிந்த அன்பர்களுக்குப் பராசர பட்டரின் பிள்ளைப்பருவம் நினைவுக்கு வரும். அனைத்தும் அறிந்தவர் என்று விருது கூறிப் பல்லக்கில் வந்த பண்டிதரைத் திருவரங்கத்து வீதியில் மணலளைந்து விளையாடிக்கொண்டிருந்த அப்பாலகர் வழிமறித்தார். ஒரு பிடி மணலை அள்ளிக் காட்டி, “இது எவ்வளவு?” என்று கேட்டார். பண்டிதர் திகைத்தார். “ஒரு கைப்பிடி என்று சொல்லத் தெரியவில்லையே” என்றார் பாலகர். இக்கதையைக் கூறுவோர் குழந்தையின் சாதுரியத்தை வியந்து அதனோடு நின்றுவிடுவர். அடியேனுக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதற்கடுத்தது. தோற்ற பண்டிதர் சினங்கொள்ளவில்லை. பல்லக்கினின்றும் இறங்கி, அக்குழந்தையை எடுத்துச் சென்று பெற்றோரிடம் பாராட்டிப் பேசினார் என்பர். இன்னொரு சமயம், திருவாய்மொழியில் சிறுமையும் பெருமையும் ஒருவருக்கே அடைமொழியாய் வந்த இடத்தைக் கேட்டு, முரணான இரண்டும் ஒருவரிடத்தில் எவ்வாறு பொருந்தும் என்று பிள்ளை வினவ, தந்தையாராகிய கூரத்தாழ்வான் அதட்டவில்லை. உருவத்தால் சிறியராயும் ஞானத்தால் பெரியராயும் அன்று கண்முன் வாழ்ந்த பெரியோர்களையே எடுத்துக்காட்டி விடையளித்தார். குழந்தைக்கு எட்டும் இடத்தில் விடையை வைத்தமையே அதன் சிறப்பு.

இவையெல்லாம் பண்டைய மகான்களின் குழந்தைப்பருவம், நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று கேட்பாரும் உளர். ஆகவே, நாம் இன்று கூடியிருக்கும் இக்கிண்டியிலேயே ஆண்டும் பெயரும் சான்றுமாக நிகழ்ந்த ஒன்றைக் காண்போம்.

கிண்டி என்றதும் சிலருக்குக் குதிரைப்பந்தயம் நினைவுக்கு வரலாம். சிலருக்கு மான்கள் உலவும் காடு. இவற்றோடு இங்குள்ள பொறியியற் கல்லூரியும் பழம்பெருமை உடையது. 1794-ஆம் ஆண்டில் மைக்கேல் டாப்பிங் என்னும் வானநூல் வல்லுநர் கோட்டைக்கருகே எட்டு மாணாக்கருடன் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து பொறியியற் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்கு வந்து சேர்ந்தது. 1978-இல் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாகவும் ஆயிற்று. நாட்டின் அணைகளையும் பாலங்களையும் அமைத்தவர் பலர் இங்குப் பயின்றவரே. எனினும், தொடங்கி ஏறத்தாழ நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் வரையில் அங்கு ஒரு பெண் மாணாக்கர்கூடப் பட்டம் பெற்றதில்லை. பெண்கள் வரலாகாது என்று வாயிலில் எழுதி வைத்திருந்தார்களா என்றால், எழுதி வைக்கவேண்டிய தேவையே எழவில்லை; எவரும் கேட்டதில்லை.

கேட்டவர் ஏ. லலிதா. இவர் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். உடன்பிறந்தோர் பலர். தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டிக் கல்லூரியிலேயே மின்பொறியியற் பேராசிரியராய் இருந்தார். ஆண் மக்களை மேற்படிப்பு வரையில் செலுத்திய அவ்வீட்டில், அக்கால வழக்கப்படி, பெண்ணுக்குப் பதினைந்தாம் வயதில் திருமணம் நடந்தது. 1937-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் நிறைந்தபோது கணவர் காலமானார். லலிதாவுக்கு அப்போது பதினெட்டு வயது.

கணவனை இழந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அக்காலச் சமூகம் எத்தகைய வாழ்வை ஒதுக்கி வைத்திருந்தது என்பதை நம்மில் வயது முதிர்ந்தோர் தம் வீட்டுப் பின்கட்டுகளிலேயே கண்டிருப்பர், விரிக்கவேண்டுவதில்லை. லலிதா தந்தை வீடு திரும்பினார். படிக்கவேண்டும் என்றார். இராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்து இண்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்து எதைப் படிப்பது? படித்த பெண்களுக்கு அன்று திறந்திருந்த சில வாயில்களுள் மருத்துவம் ஒன்று. அதை அவர் விரும்பவில்லை. மருத்துவராயின் நள்ளிரவிலும் அழைப்பு வரும். கைக்குழந்தையை விட்டுச் செல்ல நேரும். பகலில் பணி, மாலையில் குழந்தை என்று அமையும் தொழிலே தமக்கு ஏற்றது எனக் கருதிப் பொறியியலைத் தேர்ந்தார். மன உறுதி என்றால் உரக்கப் பேசுவதும் எதிர்த்து நிற்பதும்தான் என்று இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். இவருடைய உறுதியோ ஒரு தாய் தன் நாளின் நாழிகைகளைக் கணக்கிட்டுப் பார்த்ததில் பிறந்தது.

இனி, அவரைச் சூழ்ந்திருந்தோர் செய்ததைக் காண்போம். இக்கட்டுரைக்கு அதுவே முதன்மையானது. மகளின் விருப்பத்தைக் கேட்ட தந்தை, ‘இது நடக்கக்கூடியதா?’ என்று சிரிக்கவில்லை. கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் சென்று கேட்டார். முதல்வர் முன்மாதிரி இல்லை என்று கோப்பை மூடிவிடவில்லை. கல்வித்துறை இயக்குநர் ஆர். எம். ஸ்டாதமின் இசைவும் கிடைத்தது. போர் மூண்டிருந்த அந்நாட்களில், நூற்றுக்கணக்கான ஆண் மாணாக்கரிடையே ஒரே ஒரு பெண்ணாக லலிதா மின்பொறியியல் வகுப்பில் அமர்ந்தார்.

உடன் பயின்றோர் மரியாதையாகவே நடந்தனர். ஆயினும் தனிமை வாட்டியது. அதை அவர் மறைக்காமல் கூறினார். இங்கும் தந்தை, ‘நீதானே விரும்பிச் சேர்ந்தாய், பொறுத்துக்கொள்’ என்று கூறவில்லை. கல்லூரியில் பெண்களுக்கும் இடமுண்டு என்பதை விளம்பரப்படுத்தச் செய்தார் என்று அறிகின்றோம். அதன் பயனாகக் கேரளத்தினின்றும் பி. கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்னும் இரு மாணவியர் கட்டடப் பொறியியல் பிரிவில் வந்து சேர்ந்தனர். ஒரு பெண் தன் குறையை வாய்விட்டுச் சொன்னமையால் மற்றும் இருவருக்கு வழி திறந்தது. போர்க்காலத்தில் படிப்புக்காலம் குறைக்கப்பட்டதனால் மூவரும் ஒருசேரத் தேறினர். நாட்டின் முதற் பெண் பொறியாளர்கள் என்று இவர்கள் போற்றப்படுகின்றனர். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே முன்னதாக அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை மேலே எழுதிக் கொடுத்தனர் என்பர்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது நியாயமே. தந்தை அக்கல்லூரியிலேயே பேராசிரியர். ஆகவே கேட்க முடிந்தது, கிடைத்தது. தந்தை கூலி வேலை செய்பவராயின்? அவ்வாறான பெண்கள் எத்தனை பேர் கேட்காமலேயே அடங்கியிருப்பர்? இதற்கு அடியேனிடம் சமாதானம் இல்லை. வாய்ப்பு உடையவருக்கே முதலில் வாயில் திறந்தது என்பது உண்மை. மற்றொன்றையும் மறைக்கலாகாது. பதினைந்து வயதில் அப்பெண்ணுக்கு மணம் முடித்தவரும் இதே தந்தைதான். உலக வழக்கை மீறத் துணியாத ஒருவர், மகளின் துயரைக் கண்ட பின்னர் வேறு மனிதராக நடந்துகொண்டார். முன்பு பிழை செய்துவிட்டோம், இனி என்ன செய்ய இயலும் என்று சோரும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

லலிதாவின் பிற்கால வாழ்வு நீண்டது, சுருக்கமாகவே கூறுகின்றேன். ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றார். சிம்லாவில் மத்திய தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றினார். சில காலம் தந்தையாரின் ஆராய்ச்சிகளில் துணை நின்றார். மின்சாரத்தால் இயங்கும் ஓர் இசைக்கருவியும் புகையில்லா அடுப்பும் அவ்வாராய்ச்சிகளுள் அடங்கும். பின்னர்க் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்தில் சேர்ந்து, மின்கடத்தும் தடங்களையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைக்கும் பணியில் பல்லாண்டு ஈடுபட்டார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்குண்டு. 1964-இல் நியூயார்க் நகரில் பெண் பொறியாளர்க்கும் அறிவியலாளர்க்கும் முதல் உலக மாநாடு கூடியபோது, இந்தியாவினின்றும் சென்று கலந்துகொண்டார். 1979-இல், அறுபதாம் வயதில் காலமானார். உடன் பயின்ற திரேசியா 1971-இல் கேரள அரசின் பொதுப்பணித்துறைத் தலைமைப் பொறியாளர் பதவியை அடைந்தார்.

கிண்டியில் இத்தகைய செய்தி இன்னும் ஒன்று உண்டு. இங்குள்ள பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர், சிறுபிள்ளையாய் இருந்தபோதே பாம்புகள்மீது ஆர்வங்கொண்டவர். தாயார் அருவருத்து விலக்காமல் அவ்வார்வத்துக்கு இடங்கொடுத்தார். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்னும் நம் ஊரில், 1970-களின் தொடக்கம் முதல் எத்தனையோ பள்ளிப்பிள்ளைகள் பாம்பை அடிக்காமல் நின்று பார்க்கக் கற்றுக்கொண்டது அப்பண்ணையில்தான்.

திருவிழாவுக்கு வெளியூரினின்றும் குழந்தைகளுடன் வந்துள்ள அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சேவையும் பிரசாதமும் ஆனபின் பிள்ளைகளுடன் ஒரு நாழிகை சும்மா நடந்து செல்லுங்கள். அருகிலேயே அப்பாம்புப் பண்ணை உள்ளது. சிறுவர் பூங்கா உள்ளது. சிறிது தொலைவில் 1988-இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கமும் உள்ளது. எதுவும் வேண்டாமெனின் கோயில் மடைப்பள்ளிப் புகைபோக்கியோ, திருக்குளத்துப் படிக்கட்டோ போதும். பிள்ளை எதன்முன் நிற்கின்றதோ, அங்கு நீங்களும் நில்லுங்கள். நீங்கள் எதையும் விளக்கவேண்டுவதில்லை. விடை தெரியாவிடின், ‘எனக்குத் தெரியாது, தெரிந்தவரைக் கேட்போம் வா’ என்று கூறலாம். இதைக் கூறுவதற்கு நம் மரியாதை இடங்கொடுப்பதில்லை என்பதை அறிவேன். அடியேனுக்கும் அதைக் கற்க இருபது ஆண்டுகள் ஆயின.

பேசக் கூசும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். விழா மேடையில் பரிசு பெறுவோர் பெரும்பாலும் வாயாடிப் பிள்ளைகளே. ஆனால் கூச்சமுடைய பிள்ளை படத்தில் பேசும், கோலத்தில் பேசும், கழற்றிப் போட்ட மிதிவண்டி மணியில் பேசும். ‘ஏன் கழற்றினாய்?’ என்று அடிக்குமுன், ‘மீண்டும் பூட்டிக் காட்டு’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

தேர்முட்டியில் விட்டுவந்த குழந்தைக்குத் திரும்புகின்றேன். பாட்டனார் நீர்மோர் வாங்கச் சென்ற சிறுபொழுதில் அடியேன் அவளை அழைத்துச் சென்று, கட்டை போடும் பெரியவரிடம் நிறுத்தினேன். பல்லாண்டுகளாய் இப்பணி செய்துவரும் அவரிடம் இதுவரை எவரும் இதைப் பற்றிக் கேட்டதில்லையாம். சரிவாகச் செதுக்கிய ஒரு கட்டையைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். “நிறுத்த மட்டும் இல்லை அம்மா, திருப்பவும் இதுதான். வலது சக்கரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்தால் இடது சக்கரம் முந்திப் போகும், தேர் வலது பக்கம் திரும்பும்” என்றார். பின்னர் எதிரே இருந்த வீதி முனையைக் காட்டி, “இப்போது இடப்பக்கம் திரும்ப வேண்டும். எந்தச் சக்கரத்தில் போடட்டும், நீ சொல்” என்றார்.

குழந்தை இரண்டு சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மோர்க் குவளைகளுடன் திரும்பிய பாட்டனாரும் பேசாமல் அருகே வந்து நின்று, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்.