கப்பல் ஏறும் முன் கரன்சி

கீழ்பென்னாத்தூரிலிருந்து உல்லாசக் கப்பலுக்குக் கிளம்புகிறவர்கள் டாலருக்காகச் சென்னை வரை காத்திருக்க வேண்டாம். ரமணாசிரமத்துக்கு வெளிநாட்டினர் வந்துகொண்டே இருப்பதால் திருவண்ணாமலையிலேயே பணமாற்று முகவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கி உரிமம் இருக்கிறதா என்று பார்த்து, பாஸ்போர்ட், பயணச்சீட்டோடு போக வேண்டும். ரூபாய் நோட்டாகக் கொடுத்து வாங்குவது 50,000-க்குள்தான். அதற்கு மேல் வங்கி வழியாக. ரசீது அவசியம்.

பெரும்பாலான நாடுகளுக்கு ரொக்கமாக 3,000 டாலர் வரை கொண்டுபோகலாம். அவ்வளவு தேவைப்படாது. கப்பலுக்குள் காபி முதல் கடைச் சாமான் வரை பொதுவாக அறை அட்டையில் கணக்கேறி, கடைசியில் கிரெடிட் கார்டில் கழியும்.

காசு கரையில்தான் வேண்டும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்ப்ரஸ்’ கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போனது. அப்படி இறங்கும் ஊரில் ஆட்டோவுக்கும் இளநீருக்கும் 100 டாலர் நோட்டை நீட்டினால் சில்லறை கிடைக்காது. 5, 10 டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குவதும், கொஞ்சம் இலங்கை ரூபாய் மாற்றி வைப்பதும் நல்லது.

கார்டு மெஷின் ‘இந்திய ரூபாயா, உள்ளூர்ப் பணமா?’ என்று கேட்டால் உள்ளூர்ப் பணமே சரி. ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் பெரும்பாலும் நட்டம். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் முன்கூட்டியே திறந்துவிட வேண்டும்.

திரும்பியபின் 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். மிஞ்சியதை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும்.