பழைய சில்லைத் தேடி: பொழிச்சலூரிலிருந்து பல்லாவரம் சந்தைக்கு

உங்கள் கையில் இருக்கும் செல்போனுக்குள் ஒரு சில்லு இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ஏ14 என்ற சில்லில் 1,180 கோடி டிரான்சிஸ்டர்கள். இன்டெல் 1971-ல் வெளியிட்ட 4004 என்ற சில்லில் இருந்தவை 2,300. இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். பழைய சில்லு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்க, கேள்வி மேல் கேள்வி வரும். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கத்தில் ஒரு பள்ளியிலோ, நூலகத்திலோ, குடியிருப்போர் நலச் சங்க அறையிலோ கணினி வரலாற்றுக்கு ஒரு சின்னக் காட்சி மேசை வைக்க நினைத்தால், முதலில் வேண்டியது அந்த ஒரு சில்லுதான். அதை எங்கே தேடுவது, எப்படி அடையாளம் காண்பது, கிடைத்த பிறகு என்ன செய்வது என்று இந்த இதழில் பார்ப்போம்.

எந்தச் சில்லைத் தேடலாம்?

4004-ஐ நினைக்காதீங்க. அது சேகரிப்பாளர்கள் கையில் இருக்கிறது, விலையும் நமக்கு எட்டாது. நம்ம ஊர்க் கதையைச் சொல்ல 8085 போதும். சொல்லப்போனால் அதுதான் பொருத்தம். 1976-ல் வந்த சில்லு. சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள், பூரான் மாதிரி இரண்டு பக்கமும் சேர்த்து 40 கால்கள். அதற்கு முந்தைய 8080-க்கு மூன்று விதமான மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். இதற்கு 5 வோல்ட் ஒன்றே போதும். பெயரின் கடைசியில் உள்ள 5 அதைத்தான் சொல்கிறது.

தமிழ்நாட்டில் பொறியியலோ பாலிடெக்னிக்கோ படித்தவர்களிடம் ‘மைக்ரோபிராசஸர் லேப்’ என்று சொல்லிப் பாருங்க, பலரும் உடனே இந்த எண்ணைத்தான் சொல்வார்கள். சின்னப் பலகை, கால்குலேட்டர் மாதிரி விசைகள், ஒளிரும் நாலைந்து எழுத்துகள். திரை கிடையாது, மவுஸ் கிடையாது. இரண்டு எண்களைக் கூட்டவே கட்டளைகளை ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பெரும்பாலும் மறுபடியும் முதலில் இருந்துதான். அந்த எரிச்சலை அனுபவித்த ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். அவரைக் காட்சி மேசைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்க, விளக்கப் பலகைகூட வேண்டாம்.

இன்னொரு நல்ல வேட்டை 6502. மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டம் 1984-85-ல் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுவந்தபோது, கொடுக்கப்பட்டது பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினி. அதன் மூளை 6502.

எங்கே தேடுவது?

முதலில் வீட்டுப் பரண். பிறகு தெரு வாட்ஸ்அப் குழு. ‘பழைய கம்ப்யூட்டர் போர்டு, லேப் கிட் யார் வீட்டிலாவது இருக்கா?’ என்று படத்தோடு ஒரு செய்தி போடுங்க. படம் முக்கியம், பெயரைச் சொன்னால் பலருக்குப் புரியாது.

அடுத்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பொழிச்சலூரில் இருந்து பம்மல் வழியாகப் போனால் பக்கம்தான். செடி, கோழி, நாற்காலிக்கு நடுவே பழைய ரேடியோ, டிவி, கணினிப் பாகங்களும் தரையில் விரித்துக் கிடக்கும். காலையிலேயே போய்விடுங்க. ‘சில்லு’ என்று கேட்டால் விழிப்பார்கள், ‘ஐ.சி. இருக்கிற பழைய போர்டு’ என்று கேளுங்க. அண்ணா சாலைக்குப் பக்கத்தில் உள்ள ரிச்சி தெருவில் கடைக்காரரிடம் எண்ணைச் சொல்லியே கேட்கலாம். போய்வர, பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் டிக்கெட் தரும் ‘சென்னை ஒன்’ செயலி இருக்கிறது.

காயலான் கடையை விட்டுவிடாதீங்க. இங்கேதான் நேரம் நமக்கு எதிராக ஓடுகிறது. 386, 486 காலத்துப் பீங்கான் உறைச் சில்லுகளின் கால்களில் தங்க முலாம் உண்டு. அந்தத் துளித் தங்கத்துக்காக எடை போட்டு வாங்கி, அமிலத்தில் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். சில்லும் போகிறது, கரைப்பவரின் நுரையீரலும் நிலத்தடி நீரும் கெடுகிறது. வீடியோ பார்த்துவிட்டு வீட்டில் இதை முயன்று பார்க்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அரசு அலுவலகத்திலோ அரசுப் பள்ளியிலோ மூலையில் கிடக்கும் பழைய கணினி, குப்பை மாதிரி தெரிந்தாலும் இருப்புப் பதிவேட்டில் உள்ள சொத்து. ‘ஒரு சில்லுதானே, கழற்றிக் கொடுங்க’ என்று ஊழியரைக் கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீங்க. காட்சியின் நோக்கத்தைச் சொல்லித் தலைமை ஆசிரியருக்கோ அலுவலகத் தலைவருக்கோ எழுத்தில் விண்ணப்பம் கொடுங்க.

எண்ணைப் படிப்பது

சில்லின் முதுகில் எழுத்து மங்கி இருந்தால், செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்க. சுண்ணாம்புக்கட்டியை லேசாகத் தேய்த்தாலும் எழுத்து எழும்பும். கூகுள் லென்ஸ் பெரும்பாலும் எண்ணைப் படித்துவிடும்.

பலர் குழம்பும் இடம் ஆண்டு. இன்டெல் சில்லில் பதிப்புரிமைக் குறியோடு 1980 என்று இருந்தால், அது வடிவமைப்புக்கான உரிமை ஆண்டு. அந்தச் சில்லு செய்யப்பட்ட ஆண்டு அதுவல்ல. செய்த தேதி பல சில்லுகளில் நான்கு இலக்கமாகத் தனியாக இருக்கும். 8423 என்றால் 1984-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். எழுத்து புத்தம் புதிதாகப் பளிச்சென்று இருந்து, விலையும் அதிகம் சொன்னால் யோசிங்க. பழைய முதுகைத் தேய்த்து, கறுப்புப் பூசி, வேறு எண் அச்சடித்து விற்பதும் நடக்கிறது.

கழற்றலாமா?

சாக்கெட்டில் செருகியிருந்தால், சின்ன ஸ்க்ரூடிரைவரை இரண்டு முனையிலும் மாற்றி மாற்றிக் கொடுத்து மெதுவாக நெம்பலாம். பற்றவைத்திருந்தால் தொடாதீங்க, போர்டோடு அப்படியே வையுங்க. என் கருத்தில் அதுதான் அழகும்கூட. சில்லு தனியாக இருந்தால் பூச்சி, போர்டில் இருந்தால் ஊர். பழைய ஈயப்பற்று உள்ள போர்டைத் தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

போர்டில் கண்ணாடி ஜன்னல் வைத்த சில்லு ஒன்று இருக்கலாம், மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது ஈப்ராம், கிட்டை இயக்கும் நிரல் அதில்தான் உள்ளது. ஆர்வத்தில் ஸ்டிக்கரைப் பிய்த்துவிடாதீங்க. நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே நிரல் அழிந்துவிடும், டியூப்லைட் வெளிச்சத்தில் சுமார் மூன்று ஆண்டு. தனிச் சில்லைத் தெர்மாகோலில் குத்தி வைப்பதும் தப்பு. அதில் நிலைமின்சாரம் சேரும். கறுப்பு நிறக் கடத்தும் ஃபோமில் குத்தலாம், இல்லையென்றால் அலுமினியத் தாளில் சுற்றலாம்.

சீட்டு எழுதுவது

இதற்கு முன்மாதிரி அதே பல்லாவரத்தில் இருக்கிறது. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அங்கே சரளைக் குழி ஒன்றில் மனிதர் செதுக்கிய கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. தேதியும் இடமும் பதிவானதால்தான் 160 ஆண்டு கழித்தும் அந்தக் கல்லைப் பற்றிப் பேச முடிகிறது. அவருடைய சேகரிப்பை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வாங்கியது. கல்லைச் செதுக்கும்போது தெறிப்பதும் சில்லு, பாண்டி ஆட்டத்தில் எறிவதும் சில்லு, போனுக்குள் இருப்பதும் சில்லு!

ஆகவே வாங்கிய அன்றே எழுதி வையுங்க: சில்லின் எண், தேதிக் குறி, எந்தக் கருவியில் இருந்தது, யார் பயன்படுத்தினார், எந்தச் சந்தையில் எந்த நாளில் கிடைத்தது. விற்பவரிடம் ‘இது எங்கிருந்து வந்ததுண்ணே?’ என்று கேட்க அரை நிமிடம் ஆகும். அந்தப் பதில் வேறெங்கும் கிடைக்காது. எடுத்த இடத்திலேயே போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்க.

8085-க்குப் பக்கத்தில் நம் நாட்டுச் சில்லுகளின் படங்களை வைக்கலாம்: ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய சக்தி, இஸ்ரோவும் மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கி 2025-ல் வெளிவந்த விக்ரம் 3201.

மீதிப் பாகங்களைக் குப்பைத் தொட்டியில் போடாதீங்க. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 1-4-2023 முதல் நடைமுறையில் உள்ளன. அதன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அவை போய்ச் சேர வேண்டும். யார் பதிவு பெற்றவர் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பழைய பிராசஸரில் உங்கள் தகவல் எதுவும் தங்காது, ஹார்டு டிஸ்க்கில் தங்கும். கணினியைக் கொடுப்பதற்கு முன் அதைத் தனியே கழற்றி எடுத்துக்கொள்ளுங்க.