பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லாத பழைய கணினியை விண்டோஸ் 11 ஏற்காது. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கி வேலை பார்க்கிற கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

அதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடலாம். பழைய கணினிக்கு ஏற்ற அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலவசம். 2 ஜிபி ரேமிலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. 8 ஜிபி பென்டிரைவில் அதை எழுதி, அதிலிருந்தே கணினியை பூட் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா, முக்கியமாக உங்கள் பிரின்டர் வேலை செய்கிறதா என்று அப்போதே பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் சற்று மந்தமாக இருக்கும். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பிடித்திருந்தால், போட்டோ, ஆவணங்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகே நிறுவுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் மின்ட்டில் சேர்த்துக்கொள்ளலாம். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் நடத்துபவர்களுக்கு மட்டும் இது சரிப்படாது. கையில் காசிருந்தால் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். வேகம் கூடுவது கண்ணுக்கே தெரியும்.