உயிர்ப்புக் காத்தல்

உயிர் என்னும் சொல்லும் உயிர்ப்பு என்னும் சொல்லும் ஓரடியிற் பிறந்தவை. மூச்சின் அருமையை நம் மொழியே இங்ஙனம் உணர்த்துகின்றது. தஞ்சைத் தரணியின் வயல்களில் தெளிக்கப்படும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து ஒருவர் உடலிற் புகுமாயின், மூச்சுக்குழலில் நீர் மிகச் சுரக்கும். மூச்சிழுக்கும் தசைகளும் தளரும். நோய் முதிர்ந்தவரை, மூச்சுக்குழலுட் குழாய் செலுத்திச் செயற்கைச் சுவாசக் கருவியில் இணைத்துக் காப்பர்.

அந்நிலையில் நோயாளி தாமே இருமிச் சளியை உமிழ்தல் அரிது. ஆதலின் மெல்லிய உறிஞ்சுகுழல் கொண்டு செவிலியர் அதனை அகற்றுவர். ஈண்டு ஓர் இடர் உளது. அக்குழல் சளியோடு நுரையீரற் காற்றையும் உடன் இழுத்துவிடும். கருவியைக் கழற்றுங்கால் அழுத்தங் குறைந்து காற்று நுண்ணறைகள் சுருங்கும். குருதியிற் பிராணவாயு குன்றும், இதயத்துடிப்பும் தடுமாறும்.

இதற்கு மாற்று யாது? வாய்க்காலைத் தூர் வாருமுன், வயலில் நீரை நிரம்பத் தேக்கிக்கொண்டு மதகை அடைப்பின் பயிர் வாடாது. அவ்வாறே, உறிஞ்சுமுன் 30 முதல் 60 விநாடி வரை, நூற்றுக்கு நூறு பங்கு பிராணவாயுவை ஊட்டுவர். நாம் சுவாசிக்குங் காற்றில் அது 21 பங்கே உளது. வளர்ந்தோர்க்கு இடும் உறிஞ்சுகுழல், மூச்சுக்குழாயின் உட்புறத்திற் பாதிக்குமேல் அடைத்தலாகாது. சுற்றிலும் காற்றுப் புக வழி வேண்டும். ஒருமுறை உறிஞ்சுதல் 15 விநாடியைக் கடத்தலாகாது. முடிந்தபின்னும் முன்போலப் பிராணவாயு ஊட்டல் வேண்டும். கடிகாரத்தை நோக்கி இதனைச் செய்யாது, மார்பில் இரைச்சல் முதலிய குறி கண்டபோதே செய்தல் முறை. விரலிற் பொருத்திய பல்ஸ் ஆக்ஸிமீட்டரினின்று கண்ணெடுத்தலும் ஆகாது. கருவியைக் கழற்றாமலே உறிஞ்சும் மூடிய குழலமைப்பும் இக்காலத்து உண்டு.

1952-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவிற்று. கருவிகள் போதாமையின், மருத்துவர் பியோர்ன் இப்சென் காட்டிய வழியில், ஏறத்தாழ 1,500 மாணவர் முறைவைத்து இரவும் பகலும் ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி நோயாளர்க்கு மூச்சளித்தனர். அவருட் பலர் நம்மை ஒத்த இளைஞர். அத்தகைய பை இன்றும் கருவியின் அருகே ஆயத்தமாய் இருக்கும்.

பெருங்கருவி வாய்த்தவிடத்தும், அரை நிமிடம் பொறுத்துப் பிராணவாயு ஊட்டும் கையே நோயாளிக்குத் துணையாகின்றது. சிறு முறைமை எனப் பெரிதும் எண்ணப்படுவதை வழுவாது செய்தலே ஈண்டு உயிர்காக்கும் தொண்டாம்.